சிஞ்ஞோராவின் செம்மறிப் பண்ணைப் படங்கள்

பலேர்மோவில் கோடை தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடுகள் இருட்டாகிவிடும். மின்சாரம் போய் அல்ல. வீட்டுக்காரர்களே எழும்பி, யன்னல்களுக்கு வெளியே பூட்டியிருக்கும் பச்சை மரக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்துவார்கள். அனல் உள்ளே வரக்கூடாதாம். யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றிய மண்ணெண்ணெயில் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். பட்டப்பகலில் வெளிச்சத்தை வெளியே தள்ளிப் பூட்டும் வேலை முதன்முதல் என் கைக்கு வந்தபோது சிரிப்புத்தான் வந்தது. நான் வேலை செய்யும் வீட்டின் எசமானி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், அந்த இருட்டுக்குள் சாப்பாட்டு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, தோல் அட்டை போட்ட பெரிய அல்பம் ஒன்றைத் திறப்பார். வெளியே அவருடைய சொந்தத் தோட்டத்தில் எலுமிச்சையும் மல்லிகையும் வெயிலில் நிற்கும். அவர் பார்ப்பதோ, உலகத்தின் மற்றப் பக்கத்தில் நூறு வருடங்களுக்கு முன்னர் யாரோ வரைந்த இன்னொரு தோட்டத்தை.

அந்த அல்பத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிஞ்ஞோராவின் தாய்வழி ஆட்கள் ஆங்கிலேயர்கள். மர்சாலா வைன் வியாபாரத்துக்காகச் சிசிலிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் எமிலி என்றொரு பெண், போன நூற்றாண்டில் கலியாணம் முடித்துக் கணவனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். அங்கே ஒரு ஷீப் ஸ்டேஷன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மறி மேயும் பண்ணைக்கு அந்த நாட்டில் அப்படித்தான் பெயர். அங்கிருந்து தன் வீட்டையும் தோட்டத்தையும் வரைந்து வரைந்து பலேர்மோவுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு படத்தின் கீழும் சரிந்த மெல்லிய எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு. சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலம் ஓடாது. "உன் அக்கா சொன்னாள், நீ படித்தவளாம். அதோடு இது உன் ஊர்ப் பக்கம்தானே" என்று முதல் கிழமையே என்னைக் கூப்பிட்டு இருத்தினார். என் ஊருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது என்று அரைகுறை இத்தாலியனில் விளங்கப்படுத்தினேன். அவர் கையைக் கீழ்நோக்கிக் காட்டி, "ஆனாலும் கீழேதானே" என்றார். பிறகு படத்திலிருந்த மரங்களின் பெயரைக் கேட்டார். தெரியாது என்றேன். பாவம், மறந்துவிட்டாய் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வீட்டில் நான் கதிரையில் இருந்தது அந்த மேசையில் மட்டும்தான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பேனையால் கையெழுத்து வைத்தவள் நான். அப்பா யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். அவரும் அம்மாவும் பெருவிரலில் மை பூசியவர்கள். பெரியக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று மீன் வெட்டிக் கருவாடு போடப் போனாள். நான் உயர்தரம் வரை படித்தேன். தொண்டர் ஆசிரியையாக இருந்து, ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகிய அந்தத் தவக்காலத்தில்தான் பலேர்மோவிலிருந்து பெரியக்காவின் கடிதம் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். அகலமான கல்படிகளில் பெரியக்காவும் அத்தானும் நிற்கிறார்கள். பின்னால் காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை. நாங்கள் இருக்கிற இடம் என்று எழுதுவித்திருந்தாள். இங்கே கோயிலில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது, சம்பளத்துக்கு ஒரு டீச்சர் தேடுகிறார்கள், உன்னைப்போல் படித்தவள் இங்கே ஒருத்தியும் இல்லை. கடைசி வரியில்தான் நான் விழுந்தேன். வறுமையைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கமாட்டேன். எனக்கு எந்தத் தீனி பொருந்தும் என்று என்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரிந்திருந்தது. கலாசாலை இடத்தை விட்டுவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்த இடம் போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை. நடுவில் சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், எல்லாருக்கும் பொது. கீழே மீன்கடைக்காரன் ஐஸ் தண்ணீரை வாசலில் ஊற்றுவான். பெரியக்கா நிறை வயிற்றோடு இருந்தாள். அடுத்த நாள் விடியத் தன் ஏப்ரனை எனக்குக் கட்டி, வியா லிபெர்தா என்ற தெருப் பக்கம், தான் அதுவரை வேலை செய்த இந்த வில்லாவுக்குக் கூட்டிவந்தாள். புகைப்படத்தில் பார்த்த கல்படிகளை அன்று காலையே கழுவினேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே நல்ல சிஞ்ஞோரா கிடைப்பது காணி கிடைப்பதுபோல. பிள்ளைப்பேறு, வருத்தம் என்று விலக வேண்டி வந்தால் அந்த வீட்டைச் சும்மா விட்டுவிட்டு வரமாட்டார்கள். தங்கள் இரத்தத்தில் ஒருத்தியைக் கொடுத்துவிட்டுத்தான் விலகுவார்கள். பிள்ளை பிறக்கும் வரைக்கும்தான், கோடை முடியப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் என்றாள் பெரியக்கா. நம்பினேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் பாதிரியாரான இத்தாலியன் சுவாமியிடம் நானே போய், பள்ளிக்கூடம், பிள்ளைகள், நான் என்று தெரிந்த சொற்களை அடுக்கினேன். அவருக்கு மிகுந்த சந்தோஷம். உள்ளே போய், சிறுபிள்ளைகளுக்கான செபப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்து, சிறுபிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மையை எடுக்க வயது ஒரு தடையில்லை என்று ஆசீர்வதித்தார். பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் கேட்டேன். அப்படியொரு பள்ளிக்கூடம் அங்கே நடந்ததுமில்லை, நடத்த யாரும் நினைத்ததுமில்லை. பெரியக்கா யாரோ சொன்னதைத்தான் எழுதினாளாக்கும் என்று அப்போதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் உடைந்தது அல்பத்தின் முன்னால்தான். எமிலியின் வர்ணப் படங்களில் வீட்டுக்கு நீளமான விறாந்தை. தூண்களில் பூங்கொடி. வாசலுக்குப் போகும் பாதையின் இரண்டு கரையிலும் கவிழ்த்துப் புதைத்த போத்தல்கள். அதற்கப்பால் ரோசாப் பாத்திகள். தூரத்து மஞ்சள் குன்றில் அரிசி சிந்திக் கிடப்பதுபோலச் செம்மறிகள். ஒன்றில் கம்பளிப் பொதி ஏற்றிய மாட்டு வண்டில். அந்த மண்ணில் அவளுக்கு முன்னர் இருந்த சனங்கள் ஒரு படத்திலும் இல்லை. வேலைக்காரி மட்டும் ஒன்றில் இருக்கிறாள்: குசினிக்குப் பின்னால், வாளியோடு, முகம் வரையப்படாமல். ஒருநாள் அல்பத்தின் பின்னட்டைப் பைக்குள் இருந்து பென்சில் படம் ஒன்றை சிஞ்ஞோரா எடுத்தார். அதே குன்று, அதே கவர்விட்ட மரம். வீடு மட்டும் வேறு. பிளந்த மரக்குற்றிகளால் சுவர், மரப்பட்டைக் கூரை, அது பறக்காமல் மேலே கட்டிய தடிகள். முன்னால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். தடிகளால் அடைத்த ஒரு வேலி, அதற்குள் வெறும் மண். வாசலிலேயே ஆடுகள்.

இது முதலில் கட்டிய வீடா என்று கேட்டேன். சிஞ்ஞோரா சிரித்தார். இரண்டும் ஒரே வருடம், ஒரே வீடு. அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதையாம். எமிலிக்கு அங்கே தோட்டம் என்று ஒன்று இருந்ததேயில்லை. தண்ணீர் இல்லை. நட்டதை ஆடு தின்றது. கதைக்க ஒரு பெண் இல்லை. ரோசாக்களைக் காகிதத்தில் நட்டாள். அவற்றைப் பலேர்மோவில் இருந்து பார்த்துப் பார்த்து, தங்கை ஹாரியட் கடைசியில் தானும் கப்பலேறிவிட்டாள்.

"ஏமாற்றிவிட்டாளே" என்றேன்.

சிஞ்ஞோராவுக்கு அது விளங்கவேயில்லை. "என்ன ஏமாற்று? ஓர் அக்கா தங்கையைக் கூப்பிட்டாள். உன் அக்கா உன்னைக் கூப்பிடவில்லையா? நத்தாருக்கு முதலே எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டாளே, தங்கை வருவாள், இங்கேயே தங்கி வேலை செய்வாள் என்று. படியில் அவர்கள் நிற்கிற அந்தப் படத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதல்லவா?"

நத்தாருக்கு முதல், கிறிஸ்மஸ் வருவதற்கும் முன்னர். எனக்குக் கடிதம் வந்தது அதற்குப் பின்னர் வந்த தவக்காலத்தில். என்னிடம் கேட்பதற்கு முன்னரே என்னைக் கொடுத்தாயிற்று. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். அந்த மனுசியில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம்தான் வீட்டு வேலைக்காரருக்கு விடுதலை. போர்கோ வெக்கியோவுக்குப் போனேன். பெரியக்கா பிள்ளையை மடியில் கிடத்தி, துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். நத்தாருக்கு முதல் சிஞ்ஞோராவுக்கு வாக்குக் கொடுத்தது உண்மையா என்று கேட்டேன்.

"ஓம், குடுத்தனான். இப்ப என்ன?"

"எனக்கேன் மறைச்சனீங்கள்?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியோ?"

"இல்லை."

"அதுதான் சொல்லேல்லை." துவாயை உதறி மடித்தாள். "உனக்குக் கொப்பியும் பேனையும் இருந்தது, எனக்கு வாளி இருந்தது. இவர் வாறத்துக்கு முதல் ரெண்டு வருசம் இஞ்சை ஒரு சீவனோடை தமிழிலை கதைக்காமல் அந்தப் படியைத் தேய்ச்சனான். நீயும் ஒருக்காத் தேய்ச்சுப் பாரன், டீச்சர்."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் என்னை இன்னும் எரித்தது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று கொடுத்ததால்தான் நான் படித்தேன். அந்த ஞாயம் அவள் பக்கம் இருக்கும்போதே என்னை இப்படி எடுக்க அவளுக்கு மனம் வந்ததே. பிள்ளையைத் தோளில் போட்டபடி அடுத்ததைச் சொன்னாள். மொண்டெல்லோவில், கடற்கரையோரம், நல்ல வீடு ஒன்று ஆள் கேட்கிறது. வாற வருடம் வரை பொறுப்பார்கள். எங்கள் கடைசித் தங்கை கிளாராவை எடுப்பிப்போம். நீ தோட்டத்தில் நின்று ஒரு படம் எடுத்துத் தா, நீ சொன்னால் அவள் கேட்பாள். கிளாரா அப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. கம்பஸுக்குப் போவாள் என்று அவளுடைய ஆசிரியர்கள் சொன்ன பிள்ளை. என் முகத்தை வைத்து அவளைக் கூப்பிட விடமாட்டேன் என்றேன். பெரியக்கா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, "சரி விடு, விருப்பமில்லாட்டில் விடு" என்று எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்தத் தேத்தண்ணியை நம்பிக் குடித்தேன்.

திரும்பி வந்த கிழமை ஹாரியட்டுக்கு என்ன நடந்தது என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அல்பத்தின் பின்பாதி அவள் வரைந்ததுதான் என்று காட்டினார். கை வேறு என்று அதுவரை நான் கவனிக்கவில்லை. அக்காவின் தோட்டத்தைவிடத் தங்கையின் தோட்டம் இன்னும் செழிப்பு. நடுவில் நீரூற்று, நிழல் மரத்தடியில் வாங்கு, வாங்கில் வெள்ளை உடுப்போடு இரண்டு பெண்கள் தேநீர் குடிக்கிறார்கள். அந்த நீரூற்றும் இல்லைத்தானே என்றேன். தண்ணீரே இல்லாத இடத்தில் நீரூற்றா என்று சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரித்தார். ஏமாந்தவள் ஏன் அதையே திருப்பிச் செய்தாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவளுக்குத் தூரிகைதான் தெரியும், எனக்கு எழுத்துத் தெரியும் என்று நினைத்தேன். அன்றே கிளாராவுக்குக் கடிதம் எழுதினேன். சேலைத் திரை, மாடிப்படிக் கழிப்பறை, படிகள், இல்லாத பள்ளிக்கூடம், என்னை எனக்குத் தெரியாமல் கொடுத்த விதம், ஒன்றையும் விடவில்லை. வராதே, உயர்தரச் சோதனை எடு என்று முடித்தேன். கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது. நான் செய்யவில்லை என்ற நிம்மதி.

அடுத்த கோடை தொடங்குகிற நேரம், ஒருநாள் இரவு அத்தான் வில்லாவுக்கு டெலிபோன் எடுத்தார். கிளாரா நாப்போலியிலிருந்து கப்பலேறிவிட்டாளாம், விடிய வந்துவிடுவாள், பெரியக்காவுக்கு வேறோர் இடத்தில் வேலை, நீ போய்க் கூட்டிவா. மறுநாள் துறைமுகத்தில் கப்பலின் வாய் திறந்து முதலில் லொறிகள் இறங்கின. பிறகு சனம். காலையிலேயே ஏறிவிட்ட வெக்கையில் கம்பளிச் சட்டையோடு, மெலிந்து, ஒரு பையுடன் வந்தாள். கட்டிப்பிடித்தபோது அவள் கண்கள் என் உடுப்பையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். துறைமுகத்திலிருந்து போர்கோ வெக்கியோ நடை தூரம்தான். வழியில் வீடு எந்தப் பக்கம், பூமரங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அறைக்குள் வந்து, சேலைத் திரையைப் பார்த்து, திரைக்குப் பின்னால் யாரோ இருமுவதைக் கேட்ட பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

என் கடிதம் வரவில்லையா என்று நான்தான் கேட்டேன்.

"வந்தது சின்னக்கா. அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான். அதுக்கு முந்தின கிழமைதான் படம் வந்தது."

"என்ன படம்?"

பையிலிருந்து எடுத்தாள். சிஞ்ஞோரா தந்த நீலச் சட்டையோடு, ஆளுயரம் நிற்கும் சிவப்புப் பூக்களுக்குப் பக்கத்தில் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் பிறந்தநாளுக்கு சிஞ்ஞோரா எடுத்தது. வைக்க இடமில்லாமல் பெரியக்காவின் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பின்பக்கத்தில் யாரோ என் பெயரில் எழுதியிருந்தார்கள்: கிளாரா, கெதியா வா.

"கடிதத்திலை அழுதீங்கள், படத்திலை சிரிச்சீங்கள். எதை நம்பச் சொல்லுறீங்கள்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வீட்டிலை படிச்சவ எண்டு நீங்கள் ஒராள்தான் இருக்கோணும் எண்டு நினைக்கிறியளாக்கும் எண்டு நினைச்சன். அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ."

நான் அவசரப்பட்டுச் சொன்னேன். அந்த நேரம் சிஞ்ஞோராவின் நாய் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது, அதற்குத்தான் சிரித்தேன், வேறொன்றுக்குமில்லை என்றேன்.

கிளாரா படத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள்.

"நாய் படத்திலை இல்லையே" என்றாள்.

அன்று இரவு வேலை முடிந்து வந்த பெரியக்கா எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கிளாராவுக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள். சண்டை பிடிக்க என் வாயில் சொல் இருந்தது. கிளாரா பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அதை விழுங்கினேன். அந்தக் கிழமையே அவளை மொண்டெல்லோ வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சோதனையைப் பற்றி அவள் கதைத்ததில்லை. நானும் அல்பத்துக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டேன். கண் நோகிறது என்றேன். ஊர் ஞாபகம் வருகிறதாக்கும் என்று சிஞ்ஞோரா இரங்கினார்; உன் பக்கத்து மரங்களைப் பார்த்தால் வரத்தானே செய்யும்.

இலையுதிர் தொடங்க அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அயல்பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவித்திருந்தார். யுத்தத்தால் தீவிலிருந்து ஓடிவந்த பிறகு அவர் இருப்பது கனடாவுக்குப் போய்விட்ட யாரோ ஒருவரின் வீட்டில். அந்தச் சுவரில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். மூன்று பிள்ளைகளும் ஒன்றாக, பூக்களுக்கு நடுவில் இருக்கிறீர்கள், இனி எனக்கு ஒரு கவலையுமில்லை. உங்கள் வளவில் நிற்கிற அந்த உயரமான சிவப்புப் பூவில் கொஞ்சம் விதை அனுப்புங்கோ, இங்கே கிணற்றடியில் போட்டுப் பார்ப்பம்.

அடுத்த வியாழன் கிளாரா வில்லாவுக்கு வந்தாள். மரக்கதவுகள் சாத்தியிருந்தன, சிஞ்ஞோரா உள்ளே நித்திரை. இங்கே மல்வோனே என்று சொல்லும் அந்தப் பூ முடிந்து, தண்டுகளில் சாம்பல் நிறக் காய்கள் மட்டும் நின்றன. கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். அம்மாவுக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். உண்மையை என்றேன்.

"அதைத்தான் ஒருக்கா எழுதினனீங்களே."

கிளாரா காய்களைப் பறித்து உள்ளங்கையில் நொறுக்கினாள். சக்கரம் சக்கரமாக அடுக்கியிருந்த விதைகள் பிரிந்து விழுந்தன. பதரை ஊதிவிட்டு, நல்லவற்றைத் தெரிந்து என் கையிலிருந்த உறைக்குள் போட்டாள். கணக்குச் செய்கிற பிள்ளையின் விரல்கள். இது அந்த மண்ணில் வருமோ தெரியாது என்றேன். அவள் இன்னுமொரு காயை நொறுக்கினாள். உறையின் முன்பக்கத்தில் கனடாக்காரரின் வீட்டு முகவரியை எழுதினேன். பின்பக்கத்தில் அனுப்புகிறவரின் முகவரி எழுத வேண்டும். பேனையோடு நின்றேன். பிறகு சிஞ்ஞோராவின் தெருப் பெயரையும் இந்த வில்லாவின் இலக்கத்தையும் எழுதி, கீழே, ஒன்றாக அங்கே இருப்பதுபோல, எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதினேன். கிளாரா உறையை வாங்கி, நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினாள்.